ஊமைப்படத்தில் திரும்பிப் பார்த்தவள்

கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படங்களில், அதிலும் பேச்சு வருவதற்கு முந்திய படங்களில், எனக்கு முதலில் பிடித்துப்போனது அந்தப் பேச்சில்லாமைதான். அரியலூருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் உடைக்கிற கிரஷரில் எனக்கு வேலை. அந்தச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. தமிழ்ப் படம் பார்த்தால், பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்த பிறகுதான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியும். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன். ஊமைப்படத்தில் அந்தத் தொல்லை இல்லை. காது நன்றாக இருப்பவனும் நானும் அங்கே ஒன்றுதான். நடுநடுவே கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தாக இங்கிலீஷில் ஏதோ காட்டுவார்கள். எட்டாவதோடு நின்றவன், அதை என்னால் படிக்க முடியாது. ஆனால் அடுத்த நிமிஷம் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்த்தால், வந்தது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று புரிந்துவிடும்.

தொண்ணூற்றெட்டு வாக்கில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தது. கேபிள்காரர் சின்ன வயசுக்காரர். திருச்சியில் மூடிப்போன ஒரு வீடியோ கடையின் கேசட்டுகளை மொத்தமாகச் சாக்கில் கட்டி வாங்கி வந்திருந்தார். நல்ல தமிழ்ப் படமெல்லாம் சாயங்காலத்துக்கு. மதியம் இரண்டரைக்கு மேல், ஊரே படுத்திருக்கும் நேரத்தில், அந்தச் சாக்கில் கிடந்த பழைய இங்கிலீஷ் கேசட்டுகளை ஓடவிடுவார்.

"இதையெல்லாம் யாருப்பா பாக்குறாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாரும் பாக்க வேணாம்ணே. ஓட்டாம வெச்சா டேப்புல பூசணம் புடிச்சிக்கும். சும்மா காத்தாட வுடுறேன்" என்றார்.

அவர் காற்றாட விட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஷிப்டு முடிந்து வந்து, குளித்து, நாமம் இட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் படம் தொடங்கியிருக்கும். புருஷன் போன பிறகு எங்களோடு வந்து தங்கிவிட்ட என் அக்கா, முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டே பார்ப்பாள்.

"ஏன்டா, இவனுங்க எல்லாம் எங்கடா இப்பிடி ஓடுறானுவோ? வயித்தால போவுதா?"

"அந்தக் காலத்து மிஷினு அப்பிடிக்கா. நடந்தாலும் ஓடுற மாதிரிதான் தெரியும்."

"அப்ப நெசமா ஓடுறப்ப என்ன பண்ணுவான், பறப்பானா?"

பறக்கத்தான் செய்தார்கள். மாடியிலிருந்து விழுவார்கள், ரயிலுக்கு முன்னால் ஓடுவார்கள், தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகீழாகப் போவார்கள். விழுந்தவன் எழுந்ததும் காலைத் தடவிப் பார்க்க மாட்டான்; தொப்பியைத்தான் தேடுவான். அது எனக்குப் புரிந்தது. எங்கள் கிரஷரிலும் வழுக்கி விழுந்தவன் முதலில் தோள் துண்டைத்தான் தேடுவான், பிறகுதான் முழங்காலில் ரத்தம் வருவதைப் பார்ப்பான்.

அழுகைப் படங்கள் முதலில் பிடிக்கவில்லை. பொம்பளைகள் கண்ணை உருட்டி, நெஞ்சில் கை வைத்து, சுவரில் சாய்ந்து அழுவது ரொம்ப அதிகம் என்று தோன்றியது. பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, குரல் இல்லாதவள் வேறு எப்படி அழுவாள் என்று. கைதானே அவளுக்கு வாய். பெரிய பெரிய வீடுகளாகக் காட்டுவார்கள், எதிலும் பூஜை மாடம் இருக்காது. ஆனால் படுக்கப் போகும் முன் கட்டில் ஓரத்தில் மண்டியிட்டுக் கும்பிடுவார்கள். அதைப் பார்த்தால் எனக்கு நிறைவாக இருக்கும். அந்தச் சாக்கில் பேசும் படங்களும் சில இருந்தன. கோட்டுப் போட்ட ஆண்களும் சிகரெட் பிடிக்கிற பெண்களும் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவை எனக்கு ஒட்டவில்லை. வாயைத் திறக்காத வரைக்கும் அவர்கள் நம்ம ஆட்களாக இருந்தார்கள். பேசத் தொடங்கியதும் வெள்ளைக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

ஒரு நினைப்பு மட்டும் கூடவே வரும். தெருக் காட்சி ஒன்று ஓடும். கதாநாயகனுக்குப் பின்னால் நூறு பேர் போவார்கள், வருவார்கள். ஒரு கிழவர் நம் பக்கம் பார்த்துவிட்டு வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு அம்மா குழந்தையை இழுத்துக்கொண்டு போவாள். ஒரு நாய் குறுக்கே ஓடும். இதில் ஒருவர்கூட இன்றைக்கு உயிரோடு இல்லை. செத்துக் கட்டையான பிறகும் அவர்களை மறுபடி மறுபடி நடக்க விட்டுக்கொண்டிருக்கிறோம்.

"இவங்களுக்கெல்லாம் யாருக்கா எள்ளும் தண்ணியும் எறச்சிருப்பாங்க?"

"அவங்க சாமி வேற, அவங்க சாவு வேற. நீ படத்தப் பாரு" என்பாள் அக்கா.

செத்தவர்களைப் பற்றி எனக்கு அந்த யோசனை வரக் காரணம் இருந்தது. என் மனைவி தொண்ணூற்றைந்தில் பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளை பிழைத்தது. பெண். மனைவிக்குப் பெரம்பலூர் பக்கம் குரும்பலூர். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில்தான் தாலி கட்டினேன். பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள், போட்டோக்காரர் கிடையாது. பிள்ளை பிறந்ததும் மூன்று பேராக ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று அவள்தான் சொன்னாள். வாக்காளர் அட்டைக்கு ஊரில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் படம் பிடித்தபோது, வயிற்றுப் பிள்ளையோடு போட்டோவுக்கு நின்றால் கண் பட்டுவிடும் என்று நாங்கள் அனுப்பவில்லை. ஆக, அவள் உயிரோடு இருந்ததற்கு ஒரு படம்கூட இல்லை.

எங்கள் சனத்தில் தாலியோடும் பூவோடும் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்குப் பிறகு, ஒரு சொம்பில் தண்ணீர் நிரப்பிப் பூச்சுற்றி, பிறந்த வீட்டார் கொண்டுவரும் புதுச் சேலையை அதற்குச் சார்த்தி, இலை போட்டுப் படைப்போம். பிறகு விளக்கை எரிய விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே நிற்போம். உள்ளே அவள் வந்து சாப்பிடுவாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டி, கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் திறப்போம். வீட்டில் என்ன நல்ல காரியம் என்றாலும் முதல் படையல் அவளுக்குத்தான். சேலையை அப்புறம் வீட்டுப் பெண் யாராவது கட்டிக்கொள்வார்கள்.

அந்தச் சொம்பைக் காட்டித்தான் என் மகளிடம் "இதான் உங்கம்மா" என்று சொல்லி வந்தோம். ஐந்து வயது வரைக்கும் அது போதுமானதாக இருந்தது. பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டில் விளையாடிவிட்டு வந்தவள் கேட்டாள்:

"அவங்க வூட்ல செத்தவங்க எல்லாம் செவுத்துல இருக்காங்க. நம்ம அம்மா மட்டும் ஏம்ப்பா சொம்பா இருக்காங்க? சொம்புக்குக் கண்ணு எங்கப்பா?"

உன் முகத்தைப் பார்த்தே அம்மாவைத் தெரிந்துகொள் என்று அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தவும் வழியில்லை. அப்படியே என் சாடை. அக்காவே சொல்வாள்: "இவங்கப்பன உரிச்சி வெச்சிருக்கு, மீச ஒண்ணுதான் பாக்கி."

அந்தச் சமயத்தில்தான் அந்தப் படம் ஓடியது. கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ரொட்டிக் கடையில் வேலை செய்கிற பெண். பரந்த தொப்பி, கழுத்து வரை மூடிய சட்டை. கூடையை எடுத்துக்கொண்டு கதவு வரை போவாள். பின்னால் யாரோ கூப்பிடுவார்கள். அவள் திரும்புவாள். முதலில் தாடை திரும்பும். கண் மட்டும் முன்னால் பார்த்ததையே பார்த்துக்கொண்டு நின்று, ஒரு நொடி தாமதமாக வந்து சேரும். என் மனைவி அப்படித்தான் திரும்புவாள். அடுப்படியில் நிற்பவளைக் கூப்பிட்டால் தாடை என் பக்கம் வந்துவிடும், கண் உலையைவிட்டு வராது.

கையில் இருந்த தண்ணீர் டம்ளர் சாய்ந்து வேட்டி நனைந்துவிட்டது. அக்காவைப் பார்த்தேன். அவளும் பொறுக்குவதை நிறுத்தியிருந்தாள்.

"பாத்தியாக்கா?"

"பாத்தேன்" என்றாள்.

மறுநாள் கேபிள்காரரிடம் போய் அந்தக் கேசட்டை இன்னொரு தடவை போடச் சொன்னேன். பிறகு இன்னொரு தடவை. மூன்றாம் தடவை அவரே கேட்டார், "என்னண்ணே, வெள்ளக்காரி மேல ஆசையா?" காரணத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டார். பஜார் ஸ்டுடியோக்காரரைக் கேபிள் ஆபீசுக்கே அழைத்து வரலாம், டி.வி.யிலேயே படம் பிடித்துவிடலாம் என்று யோசனை சொன்னதும் அவர்தான்.

ஸ்டுடியோக்காரர் வயசானவர். முதலில் பிளாஷ் போட்டு எடுத்தார். கழுவிப் பார்த்தால் டி.வி. பெட்டி நடுவில் வெறும் வெள்ளை வெளிச்சம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் சூரியன். அடுத்த தடவை படத்தை நிறுத்தி வைத்து எடுத்தார். நிறுத்தினால் குறுக்கே வெள்ளைக் கோடுகள் நடுங்கின. கண்ணுக்கு மேலே ஒரு கோடு வெட்டிக்கொண்டு போனது. மூன்றாம் தடவை பிளாஷ் இல்லாமல், ஓட விட்டே, அவள் திரும்பும்போது படபடவென்று எடுத்தார். ஒன்று விழுந்தது.

"யாருங்க, வூட்டுக்காரம்மா சாடையா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. படமே இல்லீங்க."

"என்கிட்ட வுட்டுட்டுப் போங்க. செத்தவங்க கண்ணு மூடியிருந்தா தொறந்து குடுக்குறேன், நெத்தி வெறுமையா இருந்தா பொட்டு வெச்சிக் குடுக்குறேன். இந்தத் தொப்பிய எடுக்குறதா கஷ்டம்?"

பத்து நாள் கழித்து வாங்கப் போனேன். பிரஷ்ஷால் தொப்பியை அழித்துக் கொண்டை போட்டு, கொண்டையில் பூ வைத்திருந்தார். சட்டைக் கழுத்து இருந்த இடத்தில் சேலைத் தலைப்பு. நெற்றியில் பொட்டு, இடது மூக்கில் மூக்குத்தி. கண்ணை மட்டும் தொடவில்லை. "அது நல்லா இருந்துச்சு, வுட்டுட்டேன்" என்றார்.

அக்கா அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, எந்தச் சீமைக்காரியோ, என்ன சாதியோ, எங்க செத்தாளோ! அவளுக்குப் பொட்டு வெச்சிக் கொண்டாந்து மாட்டப் போறியா? செத்தவ வந்து பாத்தா என்ன நெனப்பா?"

"புள்ள சொம்பப் பாத்துக் கண்ணு எங்கன்னு கேக்குதுக்கா."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு மேல் தடுக்கவில்லை. படத்தை மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மகளைக் கூப்பிட்டு "இதான்மா அம்மா" என்றேன். அவள் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா இவ்வளவு வெள்ளையா?"

"பவுடர் போட்டிருக்காடி" என்றாள் அக்கா.

அந்த வருஷம் படையலுக்குச் சேலையோடு என் மச்சினன் குரும்பலூரிலிருந்து வந்தான். என் மனைவிக்கு உடன்பிறந்த ஒரே தம்பி. உள்ளே நுழைந்தவன் படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"யாரு மாமா இது?"

மகள் முந்திக்கொண்டாள். "அம்மா, மாமா! தெரியலயா?"

அவன் அவள் தலையைத் தடவிவிட்டு என்னை வாசலுக்கு அழைத்துப் போனான். கோபத்தில் அவனுக்கு வாய் குழறியது.

"கம்பத்தக் கும்புடுறவருதான நீங்க? கல்லங்குறிச்சியில சாமிக்கு மூஞ்சி இருக்கா? வெறும் தூணு. அதுக்கு முன்னாடி வுழுந்து கும்புடுறீங்க, நானும் கும்புடுறேன். எங்கக்காவுக்கு மட்டும் எதுக்கு மாமா மூஞ்சி? அதும் அடுத்தவ மூஞ்சி?"

"புள்ளைக்காகடா மாப்ள."

"புள்ளைக்கு நாளைக்குத் தெரிஞ்சா?"

சேலையை என் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். அடுத்த வருஷத்திலிருந்து அவன் வரவில்லை. சேலையை நானே எடுத்தேன்.

அவன் கேட்டது சரிதான். பெருமாளைத் தூணாகவே கும்பிட்டு வளர்ந்தவன் நான். புரட்டாசி சனிக்கிழமை நாலு மணி நேரம் வரிசையில் நின்று அந்தக் கம்பத்தைப் பார்த்தால் எனக்குக் கண் கலங்கும். இதற்கு மூக்கு எங்கே, வாய் எங்கே என்று ஒருநாளும் தேடியதில்லை. மகளிடம் மட்டும் அந்தத் தைரியம் இல்லாமல் போய்விட்டது.

தண்டனை மெதுவாகத்தான் வந்தது. ஒரு வருஷம் போயிருக்கும். கிரஷரில் சாப்பாட்டு நேரத்தில் நிழலில் உட்கார்ந்து மனைவியை நினைத்தேன். படத்தில் இருப்பவள் முகம் வந்தது. சரி, தினம் விளக்கேற்றிப் பார்ப்பதால் என்று தள்ளிவிட்டு, கல்யாணத்தன்று பார்த்த முகத்தை நினைத்தேன். கோயில் மண்டபம் வந்தது, மாலை வந்தது, மஞ்சள் கயிறு வந்தது. மாலைக்கு மேலே ரொட்டிக் கடைக்காரி. பஸ்ஸில் என் தோளில் தூங்கிக்கொண்டு வந்ததை நினைத்தேன். தோளில் அந்தப் பாரம்கூட நினைவிருந்தது. குனிந்து பார்த்தால் அங்கேயும் அந்தக் கடைக்காரிதான். எந்த நாளைத் திறந்தாலும் எனக்கு முன்னால் அவள் போய் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

மதியத் தூக்கத்தில் கனவு வரும். மனைவி வருவாள், ஆனால் அந்தத் தொப்பியோடு. ஏதோ அவசரமாகச் சொல்வாள். உதடு அசையும், சத்தம் இருக்காது. என் காதுதான் கேட்கவில்லை என்று நினைத்துக் கிட்டே போவேன். உடனே அவள் மறைந்து கறுப்புப் பலகை வரும். அதில் வெள்ளை எழுத்தில் அவள் சொன்னது இருக்கும், இங்கிலீஷில். படிக்கத் தெரியாமல் விழித்துக்கொள்வேன்.

அக்காவிடம் ஒருநாள் சொல்லிவிட்டேன். "படையலுக்கு வரது யாருன்னே தெரியலக்கா. நாம பூ வெக்கிறது இவளுக்கு, வெளக்கு இவளுக்கு. இவ உள்ள உக்காந்து சாப்புடுறா. நம்மவ வாசல்ல வந்து பாத்துட்டு, வேற யாரோ குடியிருக்காங்கன்னு திரும்பிப் போயிருப்பாளோ?"

அக்கா துளசித் தீர்த்தத்தை என் தலையில் தெளித்தாள். படத்தைக் கழற்றிவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை முக்காலி போட்டு ஏறியிருக்கிறேன். மகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அந்தப் படத்தைப் பார்த்து "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள். அது நினைவு வந்ததும் இறங்கிவிடுவேன்.

இதற்குள் கேபிள்காரர் கேசட்டெல்லாம் விட்டுவிட்டு சி.டி.க்கு மாறியிருந்தார். அந்தச் சாக்கு எங்கே போனதோ. எங்காவது கேபிளில் பழைய படம் அகப்பட்டால் இப்போதும் நின்று பார்ப்பேன். ஆனால் முன்பு மாதிரி சிரிப்பு வருவதில்லை. ஓடுகிறவனை விட்டுவிட்டுப் பின்னால் போகிற கூட்டத்தைத்தான் கண் தேடும். அதில் யாருடைய முகத்தை யார் வீட்டில் இப்படிக் கழற்றி மாட்டியிருக்கிறார்களோ என்று தோன்றும்.

இரண்டாயிரத்து ஏழில் மகள் பெரியவள் ஆனாள். தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கு சுற்ற முடியாது. அதற்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும். பெரம்பலூர் போய் பஸ் மாறி குரும்பலூரில் இறங்கினேன். மச்சினன் சின்ன வெங்காயம் காயப் போட்டுக்கொண்டிருந்தான். சேதியைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. உடனே சுண்டியது.

"சீர் செய்யறது என் கடம மாமா, வண்டி வெச்சுக் கொண்டாறேன். ஆனா அந்தப் படம் இருக்குற வூட்டுக்கு எங்கக்காவுக்குச் சேலை எடுத்தார மாட்டேன். நீங்க புள்ளகிட்ட உண்மையச் சொல்லிடுங்க. வந்த எடத்துல நான் சொல்லி அவ அழுவக் கூடாது."

"எப்பிட்றா சொல்லுவேன்?"

"பொய்ய எப்பிடிச் சொன்னீங்களோ அப்பிடியே."

திரும்பி வரும் பஸ்ஸில் பெருமாளை நினைத்துக்கொண்டே வந்தேன். மகள் ஓரத்து அறையில் பாய் போட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேசட், ரொட்டிக் கடை, தாடை திரும்பியது, தொப்பியை அழித்தது. அவள் பாயின் கோரையை உருவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப இவங்க யாரு?"

"பேரு தெரியாதும்மா."

"செத்துட்டாங்களா?"

"எப்பவோ செத்திருப்பாங்க."

உருவிய கோரையை அவள் விரலில் சுற்றினாள்.

"பரீட்சைக்கெல்லாம் இவங்ககிட்ட சொல்லிட்டுத்தானப்பா போனேன்" என்றாள். பிறகு அழுதாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டது வேறு.

"சரி, எங்கம்மா எப்பிடி இருப்பாங்க? நீங்க சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். வந்தாள். கொண்டை, மூக்குத்தி, தாமதமாக வந்து சேரும் அந்தக் கண். அவளைத் தள்ளிவிட்டுப் பின்னால் பார்க்க எவ்வளவோ முயன்றேன். பின்னால் யாரும் இல்லை.

"எனக்கு மறந்துபோச்சும்மா" என்றேன். "இவதான் வரா. உங்கம்மா வர மாட்டேங்குறா."

என் மகள் என்னை அப்படிப் பார்த்ததில்லை, அதற்கு முன்னும் பின்னும். படம் பொய் என்றதைத் தாங்கிக்கொண்டாள், இதைத் தாங்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படையல் நாள் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

படத்தைக் கழற்றினேன். கழற்றிவிட்டு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏழு வருஷம் விளக்குக் காட்டிய படத்தைக் குப்பையில் போட முடியாது. ஆற்றில் விட்டுவிடலாம் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏழு வருசம் நம்ம வூட்டுச் சோறு தின்னவடா. நீயாத்தான் கூட்டியாந்த. அவளா வந்தாளா? கடைசியா ஒரு வாயி போடாம, ஒரு துணி குடுக்காம, கழுத்தப் புடிச்சித் தள்ளுவியா? பொம்பள பாவம்டா."

ஜவுளிக் கடைக்குப் போய் நான் ஒரு சேலை எடுத்தேன். எந்த நிறம் பிடிக்கும் என்று தெரியாதவளுக்கு எப்படி எடுப்பது? அந்தப் படங்களில் நிறமே கிடையாது. கடைசியில் நீலத்தில் ஒன்று எடுத்தேன்.

தீட்டுக் கழிந்த மறுநாள் சாயங்காலம் படையல். மச்சினன் மஞ்சள் சேலையோடு வந்தான். சுவரில் படம் இருந்த இடத்தைப் பார்த்தான், சதுரமாகச் சுண்ணாம்பு வெளுப்பாகத் தெரிந்தது. பிறகு தரையைப் பார்த்தான். இரண்டு இலை, இரண்டு சொம்பு. ஒன்றுக்குப் பின்னால் அந்தப் படம்.

"ரெண்டு எதுக்கு?" என்றான் என்னிடம், குரல் ஏறியது.

மகள்தான் சொன்னாள். "ஒண்ணு அம்மாவுக்கு மாமா. ஒண்ணு அவங்களுக்கு. அவங்களுக்கு இன்னையோட சரி. நாளைக்குக் கொள்ளிடத்துல வுடப் போறோம்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து மஞ்சள் சேலையைத் தன் அக்காவின் சொம்புக்குச் சார்த்தினான். நீலச் சேலையை நான் சார்த்தினேன். கற்பூரம் காட்டி, கதவைச் சாத்தி, வெளியே வந்து நின்றோம். கதவிடுக்கில் விளக்கு வெளிச்சம் ஆடியது.

மகள் மச்சினன் பக்கம் நகர்ந்து போனாள். "மாமா, எங்கம்மா எப்பிடி இருப்பாங்க? நீங்க சொல்லுங்க."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மாநெறம். என் நெறம்தான். ஒசரம் உன்னவிட ஒரு சாண் கூட. முன்பல்லு ரெண்டும் லேசா ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். சிரிச்சா கையால மூடிக்கும். புருவத்துல ஒரு வெட்டு, நான்தான் சின்னப்புள்ளயில கில்லி அடிச்சி ஆக்கினது."

"எந்தப் புருவம்?"

"வலது."

"இல்ல தம்பி, எடது" என்றாள் அக்கா. "நான் எண்ண தேச்சு வுட்டிருக்கேன்ல."

"நான் அடிச்ச அடி எனக்குத் தெரியாதாக்கா?"

"நீ எதுத்தாப்புல நின்னு பாத்திருப்ப, அதான் ஒனக்கு மாறித் தெரியுது."

மகள் என் பக்கம் திரும்பினாள். அன்றைக்குத்தான் மறுபடியும் என்னிடம் பேசினாள். "அப்பா, எந்தப் புருவம்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். புருவத்தில் வெட்டு இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அல்லது அப்போதுதான் திரும்பக் கிடைத்தது. இருட்டில் தடவுகிறவன் மாதிரி அந்த வெட்டைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் தேடினேன். ஒரு புருவம் மட்டும் கிடைத்தது. அதற்குக் கீழே கண் வரவில்லை. எந்தப் பக்கத்துப் புருவம் என்றும் தெரியவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கோபம் இல்லை. "பரவால்லப்பா, மாமாகிட்டயும் அத்தைகிட்டயும் கேட்டு எழுதி வெச்சிக்கிறேன். உங்களுக்கும் படிச்சிக் காட்றேன்."

"நேரமாச்சு, கதவத் தட்டு" என்றாள் அக்கா.

கதவருகே போய் மூன்று தடவை தட்டினேன். தட்டியவன் கூப்பிட வேண்டும், அதுதான் முறை. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தியின் முகம் எனக்குத் தெரியும், பெயர் தெரியாது. இன்னொருத்தியின் பெயர் தெரியும். வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. அசையும் உதட்டோடு நான் அப்படியே நிற்க, என் மகள் என்னை மெதுவாக விலக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"அம்மா, கதவத் தொறக்குறோம்" என்று சொல்லிவிட்டு, அவளே தாழ்ப்பாளைத் தள்ளினாள்.